புதன்கிழமை நீ கேட்ட அழுகை

மக்கா,

உன் அப்பா எந்தத் தாளை எடுத்தாலும் அதன் தலையில் சேசு, மரி, சூசை என்று மூன்று பேரையும் எழுதி உட்கார வைத்துவிட்டுத்தான் கீழே சங்கதிக்கு வருவார். மளிகைச் சீட்டுக்குக்கூட அப்படித்தான். இந்தத் தாளில் நான் அதை எழுதவில்லை. அந்த மூன்று பேருக்கும் நடந்தது எல்லாம் தெரியும். தெரியாதவன் நீ ஒருவன்தான் என்று நேற்று மத்தியானம் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ பாதியைத் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுவாய்: பாப்பா நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது என் பக்கத்தில் பாயில் கிடந்து, தன் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு அதனோடு ஏதோ வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறாள். இது சத்தியம். என் சத்தியத்துக்கு இப்போது உன்னிடம் என்ன மதிப்பு இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சத்தியம்.

போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் உன்னிடம் பொய் சொல்லிச் சொல்லி என் வாய் பழகிவிட்டது, அதனால்தான் கடிதம். மணப்பாட்டுக்காரர் ஒருவர் அடுத்த துறைமுகத்தில் உங்கள் கப்பலில் ஏறுகிறாராம். அவர் கையில் மக்ரூன் டப்பாவும் கருவாட்டுப் பொட்டலமும் இதுவும் வருகிறது. மக்ரூனை அப்புறம் திற. திருவிழா முடிந்த மறுநாள் உன்னிடம் நான் என்ன சொன்னேன்? "பாப்பாக்கு லேசா சளி பிடிச்சிருந்துச்சி மக்கா, இப்ப சரியாயிட்டு" என்றேன். நீயும் "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். அந்த லேசான சளி என்ன என்பதைத்தான் சொல்லப் போகிறேன். என் பேரில் உள்ள குற்றம் ஒன்றையும் விடாமல் சொல்லப் போகிறேன். நடுவில் எனக்குச் சாதகமாக ஏதாவது பேசினால் அதை நீயே அடித்துவிடு.

எல்லாம் என் நேர்ச்சையில்தான் தொடங்கியது. உங்கள் கப்பல் அந்தச் சண்டை நடக்கிற கடல் வழியாகப் போகும் என்று நீ சொன்ன நாளிலிருந்து நான் டிவிச் செய்தி முன்னாலேயே கிடந்தேன். டிவியில் எங்கோ ஒரு கப்பல் எரிவதைக் காட்டினார்கள். அது உன் கப்பல் இல்லை என்று அப்பா பத்துத் தடவை சொல்லியும் என் நெஞ்சு அடங்கவில்லை. கோயிலுக்குப் போய், "கொடி ஏறுகிற நாள் தொடங்கி ஒன்பது நாளும் என் பேத்தியைத் தூக்கிவந்து உன் காலடியில் காட்டுகிறேன் தாயே, நீ என் பிள்ளையை அந்தக் கடல் தாண்ட விட்டுவிடு" என்று மாதாவிடம் பேசி வைத்தேன். பேரம்தான். உன் அம்மாவுக்குப் பேரம் பேசாமல் ஒரு கட்டு கீரை வாங்கத் தெரியாது, மாதாவிடம் மட்டும் எப்படிச் சும்மா இருப்பேன்?

திருவிழா என்றால் நம் வீடு எந்தக் கோலத்தில் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். அப்பா சப்பரத்துக்கு விளக்குக் கட்டப் போகிறேன் என்று கொடியேற்றத்தன்று வெளியே போனால், கொடி இறங்கிய பிறகுதான் வீட்டில் நிதானமாக ஒரு வாய் சாப்பிடுவார். எனக்கோ நம் தெரு முப்பது வீடும் கூடிச் செபிக்கிற அன்பியத்தின் தலைவி என்கிற கிரீடம் வேறு. காலையில் வீட்டுக்கு வீடு செபம், மத்தியானம் பாட்டு ஒத்திகை, சாயங்காலம் நவநாள் பூசை, இதற்கிடையில் பீடத்துக்குப் பூக்கட்ட ஆள் பிடிக்க வேண்டும். ரீனா பச்சைப்பிள்ளைக்காரி, அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கும் வேலையைக் கொடுத்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை கொடி ஏறியது. சனிக்கிழமை காலையில் பாப்பாவுக்கு மூக்கு ஒழுகியது.

"மாமி, மூக்கு அடைச்சிக் கெடக்கு. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாமே" என்று ரீனா கேட்டாள். கேட்டது மட்டும் இல்லை, கெஞ்சினாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஏளா, ஒரு நாள் விட்டா நேர்ச்சையே முறிஞ்சி போச்சி. மாதாட்ட கொண்டு போற பிள்ளைக்கு என்ன வந்துரப் போவுது? உன் புருசனுக்காகத்தான செய்யுதேன்" என்றேன். அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் பிள்ளைக்குக் குல்லாய் போட்டு என் கையில் கொடுத்தாள். சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் தூக்கிப் போனேன். அன்பியத்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் கன்னத்தைக் கிள்ளினார்கள், கையை எடுத்து முத்தம் கொடுத்தார்கள். யார் இருமினார்கள், யார் தும்மினார்கள் என்று நான் பார்க்கவில்லை. திங்கட்கிழமை தூபப் புகை நாங்கள் நின்ற தூண் பக்கமே சுற்றிச் சுற்றி வந்தது. பிள்ளை இருமினாள். பக்கத்தில் நின்ற ஒருத்தி "புகை ஆகல போலுக்கு, வெளிய கொண்டு போங்களேன்" என்றாள். ஆசீர்வாதம் முடியட்டும் என்று நின்றேன். மக்கா, உன் அம்மா அந்த இடத்தில் நின்றாள். இதை நான் எழுதாமல் விட்டால் மற்றதை எழுதி ஒரு பிரயோசனமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் முற்றத்தில் சம்பங்கி கட்டிக்கொண்டிருந்தேன். ரீனா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். "மாமி, பாப்பா பால் குடிக்க மாட்டேங்கா. வாய வைக்கா, உடனே விட்டுருதா." கற்பூரவல்லிச் சாறு கொடுப்போம் என்று சொல்லிக்கொண்டே எழுந்து போனேன். சட்டையைத் தூக்கிப் பார்த்தால், மூச்சு இழுக்கிறபோதெல்லாம் விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுந்து விழுந்து எழும்புகிறது. மூக்குத் துவாரம் இரண்டும் விரிகிறது. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினால் பந்தல் போட்டு ஆட்டோ நுழைய வழி இல்லை. ரீனா காலில் செருப்பு இல்லாமல் ஓடி வருகிறாள். மேலே குழாய் ஒலிபெருக்கியில் மாதா பாட்டு, காது கிழிகிறது. உன் அப்பா ஏணி மேல் நின்று பல்ப் மாட்டிக்கொண்டிருந்தார். நான் "ஏங்க, ஏங்க" என்று கத்தியது அவருக்குக் கேட்கவில்லை. என் வாய் அசைவதைப் பார்த்துத்தான் இறங்கினார். ஆட்டோவில் போகும்போது ரீனா பிள்ளையின் மூக்குப் பக்கத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டே வந்தாள், மூச்சு படுகிறதா என்று பார்க்க. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு பெண். சின்ன வயசுதான். கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பிள்ளையின் மூச்சை எண்ணினார், எண்ணி முடிக்கும் முன்பே ஆக்சிஜன் கொண்டுவரச் சொன்னார். நிமோனியா என்றார். "எத்தன நாளா சளி? சனிக்கிழமையிலருந்தா? அப்ப மூணு நாளா என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். ரீனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "வீட்டுலயே வச்சிப் பாத்துட்டோம் மேடம், எந் தப்புதான்" என்றாள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நீ இதை உன் மனசில் நன்றாக எழுதி வைத்துக்கொள். ஏனென்றால் அந்த நல்ல காரியத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் நான் அவளுக்கு என்ன கைம்மாறு செய்தேன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

அவள் உனக்கு போன் போட எடுத்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன். "கடல்ல நிக்கவனுக்கு இத சொல்லாத. அவன் அங்கன இருந்து என்ன செய்வான்? சண்டை நடக்க இடத்துல, இஞ்சின் ரூமுக்குள்ள, மனசு கலங்கி கை தவறிச்சின்னா?" என்றேன். அவள் கேட்கவில்லை. "மாமி, அவங்க பிள்ள" என்றாள். நான் இடுப்பில் இருந்த செபமாலையை எடுத்து அவள் கையில் திணித்து, "இதத் தொட்டுச் சொல்லு, அவன்ட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்னு" என்றேன். ஆக்சிஜன் குழாய் போட்ட பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் தொட்டாள். சத்தியம் செய்தாள்.

எங்கள் தெருவில் இது ஒரு சட்டம், மக்கா. நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய், நானும் சொன்னதில்லை. என் அப்பா தோணியில் மாலத்தீவுக்குப் போகிறவர். எனக்கு எட்டு வயசில், அவர் போயிருந்த நேரம், என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் செத்துப் போனான். இரண்டு வயசு. தோணி முதலாளியிடம் சொன்னால் அங்கே ஆளுக்குத் தந்தி கொடுக்கலாம், வழி இருந்தது. தெருப் பெண்கள் எல்லாம் கூடி, கடலில் நிற்கிறவனுக்கு வீட்டுக் கெட்ட சேதி போகக் கூடாது என்று என் அம்மாவைத் தடுத்துவிட்டார்கள். முப்பது நாள் கழித்து அப்பா வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டின். படியேறும்போதே "சின்னவன் எங்க?" என்று கேட்டார். என் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அந்த டின்னை அப்படியே அலமாரியில் வைத்தார். அதற்குப் பிறகு அடுத்த கிறிஸ்துமஸ் வரைக்கும் அவர் என் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துக்கத்தில் பேசவில்லை என்றுதான் நான் இத்தனை வருசமும் நினைத்திருந்தேன்.

சொல்லாமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைக்காதே, அதற்கு எவ்வளவு வேலை! அன்பியத்து வாட்ஸ்அப் குரூப்பில் பாப்பாவுக்காக செபிக்கச் சொல்லிப் போட வேண்டும். போட்டால் நீயும் அதில் இருக்கிறாய், பார்த்துவிடுவாய். அதனால் உன்னை நீக்கினேன். நீக்கிய கையோடு முப்பது வீட்டுக்கும் செய்தி போட்டேன். உடனே கைகூப்பின படமும் மெழுகுவர்த்திப் படமுமாக வந்து விழுந்தது. நீ தனியாகக் கேட்டாய்: "ஏம்மா, என்னைய குரூப்ல இருந்து தூக்கிட்ட?" நான் "கை பட்டுருச்சி மக்கா" என்று எழுதினேன். யோசித்துப் பார். மீன் விற்கிறவள், பால்காரர், கோயில் மணியடிக்கிறவர் எல்லாருக்கும் உன் பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறது என்று தெரியும். பெற்றவனைத்தான் வாசலுக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினேன்.

புதன்கிழமை சாயங்காலம் நீ கூப்பிட்டாய். கப்பலிலிருந்து படம் வராது, குரல் மட்டும்தான் வரும் என்பது அன்றைக்கு எனக்கு வசதியாகப் போயிற்று. நான் ஆஸ்பத்திரி மாடிப்படித் திருப்பத்தில் நின்றேன்.

"அம்மா, பாப்பாவ கொஞ்சம் சத்தம் போட வையேன்."

"தூங்குதா மக்கா."

"நேத்தும் இதத்தான் சொன்ன. எழுப்பேன். அழுதாலும் பரவாயில்ல, அழுகையாவது கேக்கேன்."

பாப்பாவுக்கு அழத் தெம்பு இல்லை. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் அழவே இல்லை. ஊசி குத்தும்போது வாய் கோணும், சத்தம் வராது. அழுதால் நல்லது, அழாமல் கிடப்பதுதான் பயம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நான் உன்னிடம் எப்படிச் சொல்வேன்? அப்பாவின் போன் என் கையில் இருந்தது. அதில் மூன்றாம் மாதத் தடுப்பூசி போட்ட அன்று ரீனா பதிவு செய்த அழுகை இருந்தது. "இரு, எழுப்புதேன்" என்று சொல்லிவிட்டு, அதைப் போட்டு, நான் பேசிக்கொண்டிருந்த போனின் வாயருகே பிடித்தேன். அந்தப் பதிவின் கடைசியில் நர்ஸ் "அடுத்த ஆளு வாங்க" என்று கூப்பிடும் சத்தம் வருவதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன். அவ்வளவு சாமர்த்தியம்! நீ "சரிம்மா" என்றாய். வைத்துவிட்டாய். நம்பிவிட்டான் என்று நான் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டேன். மாதாவே, தப்பித்தேன் என்றுகூடச் சொன்னேன்.

வியாழக்கிழமை காலையில் பாப்பாவைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆக்சிஜன் அளவைக் காட்டும் பெட்டியில் எண் இறங்கி இறங்கி எண்பத்தாறில் நின்றது, பெட்டி கூவியது. அந்த நேரம் பார்த்து அன்பியத்துப் பெண்கள் ஆறு பேர் செபமாலையோடு நடைவழியில் வந்து நின்று பாட்டு எடுத்தார்கள். "அம்மா, எல்லாரும் வெளிய போய்ச் சொல்லுங்க, வழி விடுங்க" என்று டாக்டர் அதட்டினார். நானே அவர்களைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினேன். தலைவி செபம் சொல்ல வந்தவர்களை விரட்டிவிட்டாள் என்று இன்றைக்கும் பேச்சு நடக்கிறது, நடக்கட்டும். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து கையில் டெஸ்டரை உருட்டிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் வயர் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. "செபம் சொல்லுங்க" என்றேன். "எனக்கு வாய் வரல. நீ சொல்லு" என்றார். நாற்பது வருசமாகக் கோயில் வேலைக்கு ஓடுகிற மனுசன், இறால்போல் கூனி உட்கார்ந்திருந்தார்.

உள்ளே ஒரு ஆள்தான் நிற்கலாம். ரீனா பால் பீய்ச்சிக் கொடுக்க வெளியே வந்த நேரம் நான் போனேன். மூக்கு வழியாகப் பால் போக ஒரு குழாய், மூச்சுக்கு ஒரு குழாய், கையில் ஊசி. முகமே தெரியவில்லை. செபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே என்று தொடங்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. அடுத்து என்ன வரும் என்று எனக்கு மறந்துபோய்விட்டது, மக்கா. ஆயிரம் தடவை, லட்சம் தடவை சொன்னது. சரி என்று பாப்பாவின் மூச்சையே ஒவ்வொரு மணியாகத் தள்ளி எண்ண ஆரம்பித்தேன். சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிசம் முடியவில்லை, ஐம்பத்து மூன்று மணியும் முடிந்துவிட்டது. மறுபடி முதல் மணி. அன்று முழுக்க நான் சொன்ன செபம் அது ஒன்றுதான். மணிமாலை முடியும் முன் நிமிசம் முடிந்துவிட வேண்டும் என்று மட்டும் கேட்டேன். வேறு பேரம் எதுவும் பேசவில்லை.

மத்தியானம் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். "இன்னைக்குப் பொழுது தாண்டணும். பிள்ளையோட அப்பாட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். கடலில் இருக்கிறான் என்றேன். "கடல்ல இருந்தா என்னம்மா, அப்பாதான?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. இனிமேல் சொன்னால் நேற்றுப் போட்ட அழுகைக்கு என்ன கணக்குச் சொல்வது என்ற பயம் வந்துவிட்டது. உன் மனசு கலங்கும் என்பதெல்லாம் முதல் நாளோடு சரி. வியாழக்கிழமை நான் சொல்லாமல் இருந்தது என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். பொய் சொன்னவளுக்கு அடுத்தாற்போல் வருவது இந்தப் பயம்தான். உன் பிள்ளைகளிடம் நீ எதை மறைத்தாலும் அன்றைக்கே உடைத்துவிடு, ஒரு நாள் தாண்டவிடாதே.

வெள்ளிக்கிழமை மூச்சு அறுபதுக்குக் கீழே வந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கையில் இருந்த ஊசி வீங்கிவிட்டது என்று எடுத்து மறு கையில் போட்டார்கள். நர்ஸ் நரம்பு தேடிக் குத்தினார். பாப்பா வாயைக் கோணினாள். பிறகு அழுதாள். முதலில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறதுபோல் கம்மிப்போன சத்தம், அப்புறம் அறையே அதிர வீறிட்டு ஒரு அழுகை. பக்கத்துப் படுக்கைப் பிள்ளையும் கூடச் சேர்ந்து அழுதது. நர்ஸ் சிரித்தார். நான் கண்ணாடிக்கு வெளியே உன் அப்பாவின் சட்டையைப் பிடித்து உலுக்கி, "அழுதா, அழுதா" என்று கூத்தாடினேன். போன உயிர் திரும்பி வந்தது. ரீனா உள்ளே நின்றாள். அவள் கையில் போன் இருந்ததை நான் பார்த்தேன், மணி பார்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சப்பரம் நம் தெரு வழியாகப் போனபோது வீட்டில் ஆள் இல்லை. அப்பா கட்டிய விளக்கு எரிந்ததை அப்பாவே பார்க்கவில்லை. நேர்ச்சை நாலு நாளில் நின்றுபோனதே, அது உன் தலையில் விடிந்துவிடுமோ என்று எனக்கு வேறு பயம். ஆஸ்பத்திரிக்கு நற்கருணை கொண்டுவந்த சாமியாரிடம் கேட்டேன். "பிள்ளைய தூக்கிட்டு வரச் சொல்லி மாதா கேட்டாங்களா, நீங்களா சொன்னீங்களா?" என்று கேட்டார். நானாகத்தான் சொன்னேன் என்றேன். "அப்ப நீங்களே விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

இனி நேற்று மத்தியானத்துக்கு வருகிறேன். ரீனா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "அவன்ட்ட முழுசும் சொல்லிரணும்ளா. எப்படிச் சொல்லன்னுதான் தெரியல" என்றேன். அவள் தலையைத் தூக்காமல், "அவங்களுக்குத் தெரியும் மாமி. புதன்கிழமையே தெரியும்" என்றாள். அந்தத் தடுப்பூசி அழுகையை அவள் அது பதிந்த அன்றைக்கே உனக்கும் அனுப்பியிருந்தாளாம். நீ வேலை முடிந்து படுக்கும்போதெல்லாம் அதைப் போட்டுக் கேட்பாயாம். இரண்டு தடவை விக்கிவிட்டு மூன்றாவது இழுத்து அழுவாள் என்று உனக்கு மனப்பாடமாம். என் போனில் முதல் விக்கல் கேட்டதுமே உனக்குப் புரிந்துவிட்டது. சனிக்கிழமைக்குப் பிறகு நீ அவளிடம் சொன்னதை அவள் அப்படியே சொன்னாள்: "எங்கம்மா பழைய அழுகையப் போட்டுக் காட்டுதான்னா, பிள்ள இல்லன்னுதான் நெனச்சேன்."

மக்கா, அதைக் கேட்டதும் நான் விரல் விட்டு நாளை எண்ணினேன். புதன் சாயங்காலம் தொடங்கி சனி காலை வரைக்கும் நீ உன் பிள்ளை செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டு அந்த இஞ்சின் ரூமில் வேலை பார்த்திருக்கிறாய். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் சொல்லிவிடுவார்களே என்று கூப்பிடவில்லை என்றாயாம். எங்களோடு சேர்ந்து பயப்பட முப்பது வீடு இருந்தது. நான் அழுதால் பிடித்துக்கொள்ள அப்பா இருந்தார், ரீனா இருந்தாள், பால்காரர் வரைக்கும் இருந்தார். உன்னைத் தனியாகப் பயப்பட விட்டேன். நாங்கள் பயந்தது உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு. நீயோ இல்லாத சாவுக்கு அழுதிருக்கிறாய். என் அப்பா ஏன் அத்தனை நாள் பேசவில்லை என்று ஐம்பது வருசம் கழித்து நேற்றுதான் எனக்கு விளங்கியது.

சனிக்கிழமை நர்ஸ் குத்தியபோது ரீனா மணி பார்க்கவில்லை. உனக்கு அழைப்புப் போட்டு, ஒரு வார்த்தை பேசாமல், போனைப் பாப்பாவின் வாய்க்கு நேரே நீட்டியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன் என்றுதானே மாலையைத் தொட்டாள்? சொல்லவில்லை. என் மருமகளுக்கு என்னைவிட மூளை அதிகம், நெஞ்சும் அதிகம். அந்த அழுகை புது அழுகை என்று உனக்குத் தெரிந்ததாம். இஞ்சின் சத்தத்தில் நீ அழுததை யாரும் கேட்கவில்லையாம். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் நான் "லேசா சளி" என்று கதை அளந்தேன், நீ "சரிம்மா" என்றாய். என்னைச் சந்தி சிரிக்க வைக்காமல் விட்டாய். ஏசியிருக்கலாம் நீ. ஏசினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வராது, உனக்குத் தெரியும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட நான் கொஞ்சம் வாதாடிவிட்டுத்தான் முட்டி போடுவேன். இந்தத் தடவை வாதம் இல்லை. நான் செய்தது தப்பு, மக்கா. நேற்றே அந்தச் செபமாலையை ரீனா கையில் கொடுத்து, என் சத்தியத்திலிருந்து அவளை விடுவித்தேன். நம் தெருச் சட்டம் இந்த வீட்டோடு முடிந்தது. இனிமேல் இந்த வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும், அப்பாவுக்கோ எனக்கோ ரீனாவுக்கோ, தும்மல் என்றாலும் சரி, சாவு என்றாலும் சரி, நீ எந்தக் கடலில் நின்றாலும் முதல் அழைப்பு உனக்குத்தான். உன்னிடம் சொன்ன பிறகுதான் மாதாவிடம் சொல்வேன். அவளும் பிள்ளை பெற்றவள்தான், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பாப்பா பெருவிரலோடு வழக்கை முடித்துக்கொண்டு சிணுங்க ஆரம்பித்துவிட்டாள். பசி. ரீனா குளிக்கிறாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் பாப்பா வீறிட்டு அழுவாள். நான் பேனாவை வைத்துவிட்டு உன்னைக் கூப்பிடப் போகிறேன். என் கையில் ஒரே ஒரு போன்தான் இருக்கிறது, மக்கா. அப்பாவின் போன் அப்பாவிடம் இருக்கிறது.

அம்மா